வலியே இல்லை, கண் அழுத்தம் மட்டும் 52

"பல்பைப் பார்த்தா சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுது டாக்டர், வலது கண்ல மட்டும்தான்" என்று வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண் சிவக்கவில்லை. வலிக்கிறதா என்றால், லேசாகக் கனமாக இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். அழுத்தத்தை அளந்தால் 52 மி.மீ. பாதரசம்! சந்தேகப்பட்டு மறுபடி அளந்தேன், அதேதான். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது அது. அவருடைய இடது கண்ணில் 14.

இது போஸ்னர் ஷ்லாஸ்மன் நோய். 1948-ல் இதை விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயர். பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்காரர்களுக்கு, ஒரு கண்ணில் வரும், சில மணி நேரமோ சில வாரமோ இருந்துவிட்டுத் தானாகவே போகும், அப்புறம் எப்போதாவது திரும்ப வரும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடைத் திசுவில் அழற்சி வந்து வழி அடைபடுகிறது என்றுதான் கருதுகிறோம். அழுத்தம் ஏறியதும் கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் கருவிழி (கார்னியா) நீர்கோத்துக்கொள்ளும், வளையம் தெரிவது அதனால்தான்.

அந்தச் சல்லடை இருக்கும் இடுக்கைக் கண் கோணம் என்போம். அது திடீரென்று மூடிக்கொள்ளும் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயிலும் அழுத்தம் இப்படி எகிறும், ஆனால் அதில் தலையைப் பிளக்கும் வலி, வாந்தி, சிவப்பு என்று ஆளை உட்காரவிடாது. இதில் கோணம் திறந்தே இருக்கும். அதனால் லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது, மூடிய கோணத்துக்குச் செய்வதுபோல லேசரில் துளை போடுவதால் இதற்குப் பலனில்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதன் அமைதிதான். அவருக்கு இது மூன்றாவது முறையாம். முதல் இரண்டு முறையும் வீட்டில் மிச்சம் இருந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் போட்டிருக்கிறார், சரியாகிவிட்டது, விட்டுவிட்டார். ஸ்டீராய்டு இதற்கு நாங்களே கொடுப்பதுதான், அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து, அளந்து அளந்து. ஆனால் சிலருக்கு அந்த ஸ்டீராய்டே அழுத்தத்தை ஏற்றிவிடும். அதோடு இந்த நோயாளிகளில் பலருடைய கண்ணுக்குள் ஊறும் நீரில் சைட்டோமெகலோ வைரஸ் கிடைக்கிறது, அவர்களுக்கு வைரஸுக்கான மருந்தும் தேவைப்படலாம். பார்வைப் பரப்புச் சோதனை செய்தபோது அவருக்கு மூக்குப் பக்கப் பார்வையில் ஒரு சிறு பகுதி ஏற்கெனவே போயிருந்தது. அழுத்தத்தால் பார்வை நரம்பு போனால் திரும்பாது.

வளையமோ மங்கலோ தெரிந்தால் அன்றைக்கே போய் அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நின்றபின் போனால் அழுத்தம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக்கூடும். எந்தத் தேதியில் எவ்வளவு அழுத்தம் என்ற சீட்டையெல்லாம் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த தடவை பார்க்கும் மருத்துவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.