கத்திப் பட்டறைக்கு ஒரு சிறு மில்லிங் மெஷின்: விறைப்பே முதல் கணக்கு

கத்தியின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே, விரல் வழுக்கிக் கூர்ப்பக்கம் போய்விடாமல் தடுக்கும் சிறு உலோகத் துண்டைக் கைக்காப்பு என்று வைத்துக்கொள்வோம். பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ செய்யப்படும் அந்தத் துண்டின் நடுவில், பிடிக்குள் போகும் அலகின் காம்பு நுழைவதற்கு ஒரு நீள்துளை வேண்டும். 5 மி.மீ. தடிமனுள்ள காம்புக்குத் துளையின் அகலம் 5.05 மி.மீ. என்று அமைந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, 5.3 மி.மீ. ஆகிவிட்டாலோ, அந்தக் கறுப்புக் கோடு கத்தி இருக்கும்வரை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். வரிசையாகத் துளையிட்டு, இடையில் நிற்கும் சுவர்களை அரத்தால் ராவி எடுத்து இதைச் செய்ய முடியும். ஆனால் அரை நாள் போய்விடும். பெல்ட் கிரைண்டரையும் டிரில்லிங் மெஷினையும் மட்டும் வைத்து வேலை செய்துவருபவர், சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவி எடுக்கும் மில்லிங் மெஷினைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தத் துளையால்தான்.

டிரில்லிங் மெஷினிலேயே, பக்கவாட்டிலும் வெட்டும் பற்கள் கொண்ட கட்டரான எண்ட் மில்லை மாட்டி ஓட்டினால் என்ன என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அதைச் செய்யவே கூடாது. துளையிடும்போது விசை அச்சின் வழியே மேல்நோக்கி வருவதால், கூம்பு வடிவப் பொருத்தில் வெறும் உராய்வால் நின்று டிரில்லைக் கவ்வும் சக், அழுத்த அழுத்த இன்னும் இறுகுகிறது. மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வருகிறது. அதோடு அதிர்வும் சேர்ந்தால் அந்தக் கூம்புப் பிடி தளர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும் சக் அப்படியே கழன்று விழும். மில்லிங் மெஷினில், சுழலும் அச்சான ஸ்பிண்டிலின் நடுவழியாக ஒரு நீண்ட இழுபோல்ட் மேலிருந்து இறங்கி, கட்டரைக் கவ்வும் காலெட்டை இறுக்கிப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பக்கவாட்டில் வரும் அந்த விசை எங்கே போகிறது என்பதைப் பார்த்தால், எந்த மெஷினை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நான்கு பற்கள் கொண்ட எண்ட் மில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், வெட்டப்படும் துண்டான ஜாபின் மீது நொடிக்கு 53 முறை பல் விழுகிறது. ஒவ்வொரு அடியும் கட்டரிலிருந்து காலெட், ஸ்பிண்டில், தலைப்பகுதி, தூண், அடித்தளம், டேபிள், வைஸ் என்று முழு வட்டம் சுற்றி ஜாபுக்கே திரும்பி வருகிறது. இந்த வட்டத்தில் உள்ள ஒவ்வொரு பாகமும், ஒவ்வொரு இணைப்பும், நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஒரு பல் வெட்டும்போது மெஷின் சற்றே வளைந்து கொடுத்தால், வெட்டிய பரப்பில் ஓர் அலை பதிகிறது. அடுத்த பல் அந்த அலையின் மேட்டில் தடித்த சீவலையும் பள்ளத்தில் மெல்லிய சீவலையும் எடுப்பதால் விசை ஏறி இறங்கி, அதிர்வைத் தானே வளர்த்துக்கொள்கிறது. பட்டறை முழுவதும் கேட்கும் அந்தக் கிறீச்சொலிக்கும், பரப்பில் மீன் செதில்போல் படியும் வரிகளுக்கும் இதுவே மூலம்.

ஆகவே மோட்டாரின் குதிரைத்திறனை விட, வார்ப்பிரும்பின் கனத்தையே நான் முதலில் பார்ப்பேன். வார்ப்பிரும்பில் செதில் செதிலாகப் பரவியிருக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கிக்கொள்ளும்; அந்தக் குணம் சாதாரண எஃகுக்குக் குறைவு. மேசைமேல் வைக்கும் மிகச் சிறிய வகை மெஷின்கள் 50 முதல் 60 கிலோ எடையில் வருகின்றன. அடுத்த வகை 150 கிலோவைத் தாண்டுகிறது. அதற்கும் மேலே 300 கிலோ வகை இருக்கிறது. 1938-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்து, அந்த ஊரின் பெயரையே தாங்கி உலகெங்கும் பரவிய செங்குத்து மில்லிங் மெஷின் ஒரு டன்னை ஒட்டிய எடை கொண்டது. வீட்டுப் பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை. தரைத்தளத்தில் இடமும், இறக்கி வைக்க நான்கு பேரும் இருந்தால் 150 கிலோவுக்கு மேற்பட்டதை வாங்குவதே நல்லது. பித்தளைக் கைக்காப்பும் மடக்குக் கத்தியின் தகடுகளும் மட்டுமே வேலை என்றால், 60 கிலோ மெஷினும் மெல்லிய சீவல்களாக எடுத்துப் பொறுமையாகச் செய்து கொடுக்கும். ஆனால் 304 என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அந்தப் பொறுமையே பகையாகிவிடுகிறது. மெஷின் வளைந்து கொடுக்கும்போது பல் வெட்டாமல் தேய்க்கிறது. தேய்த்த இடம் இறுகிக் கடினமாகிறது. அடுத்த பல் அந்தக் கடினத் தோலில் மோதி மழுங்குகிறது.

தூணின் வடிவமும் எடைக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. உருண்டைத் தூண் கொண்ட மெஷினில் தலையை ஏற்றி இறக்கப் பிடியைத் தளர்த்தினால், தலை தூணைச் சுற்றிச் சற்றே திரும்பிவிடும். தூணின் மையத்திலிருந்து ஸ்பிண்டில் 200 மி.மீ. தள்ளி இருந்தால், 0.1 டிகிரித் திருப்பம்கூட ஸ்பிண்டிலை 0.35 மி.மீ. நகர்த்திவிடும். மையம் குறிக்கும் சென்டர் டிரில்லைக் கழற்றி எண்ட் மில்லை மாட்டும் வேலையில், இரண்டின் நீளமும் வேறு என்பதால் தலையை நகர்த்தியே ஆகவேண்டும். நகர்த்தியதும் குறித்து வைத்த மையம் போய்விடும். பக்கங்கள் உட்சாய்ந்த டவ்டெயில் வழித்தடத்தில் தலை ஏறி இறங்கும் சதுரத் தூணில் இந்தத் தொல்லை இல்லை.

காலெட் பொருந்தும் ஸ்பிண்டிலின் உட்கூம்பு மோர்ஸ் வகையா, ஆர்8 வகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மோர்ஸ் கூம்பு சாய்வு குறைந்தது. உள்ளே போனால் பற்றிக்கொள்ளும், எடுக்க இழுபோல்ட்டின் தலையில் சுத்தியலால் தட்ட வேண்டும், அந்த அடி ஒவ்வொன்றும் பேரிங்கில் இறங்கும். பிரிட்ஜ்போர்ட் மெஷினோடு வந்த ஆர்8 கூம்பு சாய்வு மிகுந்தது என்பதால் எளிதில் விடுபடும். வேகத்தைப் பொறுத்தவரை, சூடாக்கி மென்மையாக்கிய கார்பன் ஸ்டீலில் ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வெட்டுவேகம் என்று கொண்டால், 10 மி.மீ. கட்டருக்கு 800 சுற்றும் 4 மி.மீ. கட்டருக்கு 2,000 சுற்றும் வருகின்றன. இந்த வீச்சு கிடைத்தால் போதும். அலகைக் கடினப்படுத்துவதற்கு முன்பே மில்லிங்கை முடித்துவிட வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடினப்படுத்திய அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60 எச்ஆர்சி-யைத் தொடும்போது, ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டரின் கடினமே அதைவிடச் சில எண்கள்தான் கூடுதல்.

டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவில் எப்போதும் கொஞ்சம் பிளே, அதாவது தளர்வு, இருக்கும். கட்டரின் பல் சுழலும் திசைக்கு எதிராக ஜாபை ஊட்டினால், விசை டேபிளைப் பின்னுக்குத் தள்ளி அந்த பிளேயை ஒருபக்கமாக ஒதுக்கி வைக்கும். பல் செல்லும் திசையிலேயே ஊட்டினால், கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுத்து, பிளே அளவுக்கு ஒரே கடியாகக் கடித்துவிடும். என் முதல் 4 மி.மீ. கட்டர், பித்தளைத் துளை ஒன்றை அகலப்படுத்தும்போது அப்படித்தான் ஒடிந்தது. கைப்பிடியில் 'டக்' என்று ஓர் இழுப்பு தெரிந்த அடுத்த கணமே முனை ஜாபுக்குள் நின்றுவிட்டது.

5 மி.மீ. துளைக்கு 5 மி.மீ. கட்டரை எடுக்காமல் 4 மி.மீ. கட்டரை எடுப்பதற்கும் காரணம் உண்டு. இருபுறமும் உலோகம் சூழ வெட்டும் கட்டர் ஒரு பக்கமாக வளைந்து ஒதுங்குவதால், துளை அகன்றும் கோணியும் போகும். நடுவில் 4 மி.மீ. வழி எடுத்துவிட்டு, பக்கத்துக்கு அரை மி.மீ.யாகச் சுவரைச் சீவினால் அளவு நம் கையில் நிற்கும். காலெட்டுக்கு வெளியே கட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்காகும். கார்பைடு கட்டரின் விறைப்பு ஹைஸ்பீடு ஸ்டீலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றாலும், அதிரும் மெஷினில் அதன் விளிம்பு உதிர்ந்துவிடும்.

மெஷினைப் பார்க்கப் போகும்போது 0.01 மி.மீ. வரை அளக்கும் டயல் கேஜையும் அதை நிறுத்தும் காந்த அடியையும் கையோடு கொண்டுபோங்கள். காந்த அடியை டேபிளில் நிறுத்தி, கேஜின் முனையை ஸ்பிண்டிலில் தொட வைத்து, தலைப்பகுதியை ஒரு கையால் உங்கள் பக்கம் அழுத்தமாக இழுத்துவிட்டு விடுங்கள். இழுக்கும்போது முள் எத்தனை கோடு நகர்கிறது, விட்டபின் பழைய கோட்டுக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். நகர்ந்து திரும்பினால் அது வார்ப்பின் வளைவு; திரும்பாமல் நின்றுவிட்டால் எங்கோ ஒரு கிப், அதாவது வழித்தடத்தின் தளர்வைச் சரிசெய்யும் பட்டை, தளர்ந்திருக்கிறது, இறுக்கச் சொல்லி மறுபடி இழுத்துப் பாருங்கள். இறுக்கியபின்னும் முள் பழைய இடத்துக்கு வராத மெஷினை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் எடுக்கமாட்டேன்.