டைல்ஸ் இடுக்கில் ஆசிட் ஊற்றும் முன்

பாத்ரூம் தரையில் ஆசிட் ஊற்றியதும் டைல்ஸ் இடுக்குகளில் சுர்ரென்று நுரை பொங்கும். அழுக்கு கிளம்பி வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பொங்குவது இடுக்கை அடைத்திருக்கும் சிமெண்ட். பாத்ரூம் ஆசிட் என்று கடையில் விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அது கரைக்கும்போது கிளம்பும் கரியமில வாயுதான் அந்த நுரை. மேல்தோல் உரிந்துவிடுவதால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் வழவழப்பாக இருந்த ஜாயிண்ட் சொரசொரத்துப்போய் துளைத்துளையாக நிற்கும். அடுத்த முறை அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும், மறுபடி ஆசிட். இப்படியே போனால் டைல்ஸுக்கு நடுவில் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரத்திட்டாகத் தெரியும்.

டாய்லெட் கோப்பைக்கு ஊற்றும் நீல நிறத் திரவங்கள் பலவற்றிலும் சுமார் 10 சதவீதம் இதே அமிலம்தான். கோப்பை பீங்கான், தாங்கிக்கொள்ளும். ஜாயிண்ட் தாங்காது. வாசற்படிக்கோ அலமாரிக்கோ போட்ட கடப்பா கல்லும் தாங்காது, ஏனென்றால் அதுவும் சுண்ணாம்புக்கல்தான்.

எதை ஊற்றுவது என்று யோசிக்கும் முன் கறையின் நிறத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் பூஞ்சை. வாளி வைக்கும் மூலையில் வழுவழுவென்று ரோஸ் நிறத்தில் படர்ந்தால், சோப்பு, ஷாம்பு எச்சத்தில் வளரும் பாக்டீரியா. குழாய்க்கு நேர் கீழே துருநிறம் என்றால் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. வெள்ளையாகப் பூத்தால் உப்பு. தரை முழுக்க ஒரே சீராகச் சாம்பல் பூத்திருந்தால் அது உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து திரிந்த பிசுக்கு, கூடவே உடம்பு எண்ணெய்.

நம் வீடுகளுக்கென்றே இன்னொரு கறை உண்டு: மஞ்சள். அதன்மேல் சோப்போ சோடாவோ பட்டதும் சிவந்துவிட்டதே என்று பதற வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் நடப்பது இதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு (பெரும்பாலும் 6 சதவீதம்) வாங்கி, அதே அளவு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து கறைமேல் 15 நிமிடம் ஒட்டி வையுங்கள். இரண்டு மூன்று தடவையில் வெளுக்கும்.

சாம்பல் பிசுக்குக்கு மருந்து துணி துவைக்கும் பவுடர்தான். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, காய்ந்த தரையில் ஜாயிண்ட் வழியே ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். காய்ந்த தரை ஏன்? ஏற்கெனவே தண்ணீர் குடித்த ஜாயிண்டுக்குள் சோப்பு நீர் இறங்காது. பிறகு விறைப்பான நைலான் பிரஷ்ஷால் ஜாயிண்ட் போகும் திசையிலேயே தேயுங்கள். கம்பி பிரஷ், ஸ்டீல் நார் இரண்டும் வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் ஜாயிண்டிலேயே தங்கித் துருப்பிடிக்கும். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த வேலையில். தேய்த்த அழுக்குத் தண்ணீரை அப்படியே விட்டால், தரையில் தாழ்வான இடம் ஜாயிண்ட்தானே, அங்கேயே போய்க் காயும். உடனே வைப்பரால் தள்ளி, இரண்டு முறை நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் ஒற்றி எடுங்கள். ரோஸ் படலமும் இந்தத் தேய்ப்பிலேயே போகும்.

பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடுங்கள். அடிமண்டியையும் சேர்த்து ஊற்றினால் வெள்ளைப் படலம் படியும். தெளிவை பிரஷ்ஷால் ஜாயிண்டில் தடவி 10 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். கையில் கிளவுஸ் கட்டாயம். துருக்கறையில் இதைப் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: பிளீச்சிங்கும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் நுரையீரலைப் பதம்பார்க்கும், உயிரையே எடுக்கலாம். டாய்லெட் கிளீனர், வினிகர், எலுமிச்சை எல்லாமே இந்தக் கணக்கில் ஆசிட்தான். அமோனியா உள்ள கிளீனரோடும் பிளீச்சிங் சேரக் கூடாது. காலையில் ஒன்று ஊற்றியிருந்தால் அன்றைக்கு மற்றதைத் தொட வேண்டாம்.

துருவுக்கும் உப்புக்கும் மட்டும் மிதமான அமிலம் வேண்டியிருக்கும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு மேசைக்கரண்டி, அரை லிட்டர் தண்ணீர். இங்கே முதலில் ஜாயிண்டை நன்றாக நனைத்துவிடுங்கள், அமிலம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். கறைமேல் மட்டும் தடவி, 3 நிமிடத்தில் கழுவி, கடைசியாகச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் வீடியோக்கள் பார்க்க அழகாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோகும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

எவ்வளவு தேய்த்தாலும் ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்பக் கறுக்கிறதா? பாத்ரூமை இரண்டு நாள் பூட்டி வையுங்கள். மற்ற ஜாயிண்ட் எல்லாம் வெளுத்தும் அந்தக் கோடு மட்டும் ஈரமாகவே இருந்தால் அடியில் கசிவு, பிளம்பரைக் கூப்பிட வேண்டும். காய்ந்துவிட்டது, ஆனால் குளித்ததும் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்றால் தரையின் வாட்டம் சரியில்லை. இரண்டுக்கும் பிரஷ்ஷால் பயன் இல்லை.

ஜாயிண்ட் உதிர்ந்திருந்தாலும் அப்படித்தான். மேலே ஒயிட் சிமெண்ட் தடவினால் சில மாதங்களில் பொரிந்து வரும். ஹாக்ஸா பிளேடால் குறைந்தது 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியெடுத்து, பாலிமர் கலந்த கிரவுட்டோ (இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கலவை) எபாக்சியோ (கலந்ததும் இறுகும் பிசின்) நிரப்ப வேண்டும். எபாக்சி கறை குடிக்காது, ஆசிட்டுக்கும் அவ்வளவு எளிதில் மசியாது. ஆனால் கலந்த கலவை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். மேஸ்திரி டைல்ஸ் மேலுள்ள பூச்சை உடனுக்குடன் துடைக்காவிட்டால், அந்த மங்கல் படலம் பிறகு லேசில் போகாது. சுவரும் தரையும் சேரும் மூலைக்கு கிரவுட்டே கூடாது, சிலிக்கான்தான். சிலிக்கானுக்குள் பூஞ்சை இறங்கிவிட்டால் அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி.

சிமெண்ட் ஜாயிண்ட் சுத்தமாகிக் காய்ந்தபின் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் சரி. இரண்டொரு நிமிடத்தில் குடித்துக் கறுத்தால் கிரவுட் சீலர் (ஜாயிண்ட் தண்ணீர் குடிக்காமல் தடுக்கும் பூச்சு) பூச வேண்டும். பூசும் முன் முழுதாக ஒருநாள் காயவிடுங்கள், ஈரத்தில் பூசினால் சீலர் உள்ளே இறங்காது. மெல்லிய பிரஷ்ஷால் ஜாயிண்டில் மட்டும் தடவி, டைல்ஸில் பட்டதை உடனே துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதே சொட்டுச் சோதனை.