அந்தச் சுருக்கங்களை விட்டுவிடுங்கள்

எழுபது வயதுப் பெரியவர் ஒருவரின் படம். நெற்றியில் ஒரு கோடு இல்லை, கண்ணோரம் ஒரு மடிப்பு இல்லை. கன்னம் தேய்ந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று இருக்கிறது. “ஏதோ குறையுது, சரி பண்ணிக் கொடுங்க” என்று இப்படிப்பட்ட படங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. குறைவது அந்தப் பெரியவர்தான். தோலை வழவழப்பாக்கும் ஸ்மூத்திங் ஃபில்டரோடு சேமித்த படத்தில் அழிந்த ரேகை அழிந்ததுதான். மென்பொருள் அதை மீட்பதில்லை, ஊகித்து வரைகிறது.

சுருக்கம் ஒரு குறை என்ற நினைப்பை முதலில் விடுங்கள். முகத்துத் தசை எந்தத் திசையில் இழுக்கிறதோ, அதற்குக் குறுக்கேதான் தோல் மடியும். நெற்றித் தசை புருவத்தை மேலே தூக்குகிறது. அதனால் அங்கே கோடு கிடையாக ஓடுகிறது. புருவங்களை நெரிக்கும் தசை உள்பக்கமாக இழுக்கிறது. அதனால் நடுவில் கோடு செங்குத்தாக நிற்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசை சுருங்கினால் கண்ணோரம் விசிறி போல மடிப்பு விரியும். வயதும் வெயிலும் ஆழமாக்கினாலும், அந்த மனிதர் ஆயிரமாயிரம் தடவை செய்த முகபாவங்களின் தடம் அது. அதைத் துடைத்துவிட்டு “முகத்துல உயிரே இல்லையே” என்றால் எப்படி?

படத்தில் பருவை அழிக்கலாம், இரண்டு வாரத்தில் தானாகப் போகப்போவதுதானே. மச்சம், தழும்பு என்றால் அந்த நபரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தோல் கரடுமுரடாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சம்தான். உச்சி வெயில் தோலின் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல் போடும். ஆளை நேர்வெயில் விழாத ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி உட்காரவையுங்கள். மறுபக்கம், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டை. அறையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி முகம் நீலம், பாதி மஞ்சள். கண்மணியில் ஜன்னலின் பிரதிபலிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முகவாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள்.

அடுத்தது தூரம். முப்பது சென்டிமீட்டரில் போனை நீட்டி எடுத்தால், காதைவிட மூக்கு கேமராவுக்கு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அருகில் இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அது 8 சதவீதம்தான். லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், கால்களைப் பின்னால் நகர்த்துங்கள்.

பின்னணி மங்கினால்தான் போர்ட்ரெய்ட் என்று எல்லாவற்றையும் எஃப் 1.4இல், அதாவது லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, எடுக்கிறார்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில், 85 மிமீ லென்ஸில், ஒன்றரை மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்தான். தலை சற்றுத் திரும்பினால் ஒரு கண் போய்விடும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வைத்தால் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் கிடைக்கும். ஃபோகஸ் அருகிலுள்ள கண்ணில், ஷட்டர் வேகம் 1/200 நொடி.

தயவுசெய்து “சிரிங்க” என்று சொல்லாதீர்கள். உதட்டை இழுக்கும் தசை சொன்ன பேச்சைக் கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்று பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதிவிட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அவர் செய்யும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். பேசும்போது எடுத்தால் வாய் கோணும். பதில் முடிந்து, அடுத்த கேள்விக்கு முன் ஒரு மூச்சு விடுவாரே, அப்போது அழுத்துங்கள். முதல் இருபது படங்கள் வீணாகத்தான் போகும், போகட்டும்.

எடுக்கும் முன் போனின் அழகூட்டும் ஃபில்டரை அணையுங்கள். பல போன்களில் செல்ஃபி கேமராவில் அது தானாகவே போடப்பட்டிருக்கும். கேமராவானால் ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக, எடுங்கள். மெருகேற்றியே தீர வேண்டும் என்றால் பிரதியில் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் படமாக இருந்தால், தொடாத அசலை இரண்டு இடங்களில் பத்திரமாக வையுங்கள்.