கண்ணைப் பொத்தலாம், காதை? 'எ கொயட் பிளேஸ் 2' குழந்தைகளைப் பயமுறுத்தும் விதம்

ஜான் கிராசின்ஸ்கி இயக்கி 2021-ல் வெளியான 'எ கொயட் பிளேஸ் பார்ட் 2' படத்தில் ரத்தம் குறைவு, ஆபாசம் இல்லை, கெட்ட வார்த்தைக்கும் பெரிதாக இடமில்லை, ஏனென்றால் ஆட்கள் வாயே திறப்பதில்லை. கதையும் ஒரு தாயும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் உயிர் பிழைப்பதைப் பற்றியது. அதனால் "குடும்பப் படம்தானே, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்" என்று பலருக்கும் தோன்றும். அமெரிக்காவில் இதற்குக் கொடுத்த தரம் பிஜி-13, அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் யோசித்து முடிவு செய்யலாம். பிரிட்டனில் அதே படத்துக்கு 15. அங்கே பதினைந்து வயது ஆகாதவர்களைத் தியேட்டருக்குள்ளேயே விட மாட்டார்கள். என்னைக் கேட்டால் பிரிட்டன்காரர்கள் சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரணம் திரையில் தெரிவதில் இல்லை, காதுக்குள் நடப்பதில் இருக்கிறது.

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த அந்த ஜந்துகளுக்குக் கண் தெரியாது. சத்தம் கேட்டால் பாய்ந்து வந்து கிழித்துப் போடும். எனவே அந்தக் குடும்பம் வெறுங்காலோடு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடக்கிறது, பார்க்கிற நாமும் நம்மை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறோம். படம் நெடுக இப்படி ஒரு அமைதி, அதை உடைத்துக்கொண்டு திடீரென ஒரு பெருஞ்சத்தம்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நடப்பது மிக வேகமான வேலை. காது நரம்பிலிருந்து செய்தி நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்தே கழுத்து, தோள், இமைத் தசைகளுக்குக் கட்டளை கிளம்பிவிடுகிறது. ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். "இது சினிமா" என்று யோசிக்கிற மூளைப்பகுதிக்கு விஷயம் தெரிவதற்கு முன்பே உடம்பு தூக்கிவாரிப் போட்டிருக்கும். அதனால்தான் பத்து முறை பார்த்தவர்களுக்கும் அதே இடத்தில் உடம்பு உதறுகிறது. நடுக்காதில் ஒரு சின்னஞ்சிறு தசை இருக்கிறது, பலத்த சத்தம் வந்தால் இறுகி உள்காதைக் காப்பதுதான் அதன் வேலை. ஆனால் அது முழுசாக இறுகுவதற்குள் திடீர்ச் சத்தம் உள்ளே போய்விடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மைக்கேல் டேவிஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிகளுக்கு விளக்கு எரியும்போதெல்லாம் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார். அப்புறம் விளக்கைப் போட்டுவிட்டுச் சத்தம் எழுப்பினால், சும்மா இருக்கும்போது குதிப்பதைவிட அதிகமாகக் குதித்தன. மூளையில் அமிக்டலா என்ற பகுதி பழுதான எலிகளிடம் இந்தக் கூடுதல் குதிப்பு இல்லை. ஏற்கெனவே பயந்திருக்கிற உடம்பு, அதே சத்தத்துக்குப் பெரிதாகத் திடுக்கிடும், அவ்வளவுதான் விஷயம். இந்தப் படத்தின் அமைதி அமிக்டலாவைப் படம் முழுக்க விழிப்பிலேயே வைத்திருக்கிறது. அதோடு, பெரிய சத்தத்துக்குச் சற்று முன்னால் சின்னச் சத்தம் ஒன்று கேட்டால் மூளை திடுக்கிடலைத் தானே குறைத்துக்கொள்ளும். அமைதியில் அந்த முன்னறிவிப்பும் கிடைக்காது. மேலும், குறைத்துக்கொள்ளும் இந்தத் திறமை பெரியவர்கள் அளவுக்கு வளர ஏறக்குறைய எட்டு வயதாகிவிடும்.

எட்டு வயது என்பது வேறொரு விதத்திலும் முக்கியம். குழந்தைகளும் திரைப்பயமும் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர் ஜோன் கேன்டர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை. சாதாரண மனிதன் ஒருவன் பச்சை நிற ராட்சதன் ஹல்க்காக மாறி நல்லவர்களைக் காப்பாற்றும் பழைய 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை அவரது குழு குழந்தைகளுக்குக் காட்டியபோது, மழலையர் வயதுப் பிள்ளைகள் ஹல்க் வந்ததும்தான் அதிகம் பயந்தார்கள். பெரிய பிள்ளைகளோ "காப்பாற்ற வந்துவிட்டான்" என்று நிம்மதியானார்கள். ஏறக்குறைய எட்டு வயது வரை உருவம்தான் பெரிது, உள்ளே இருக்கிற காரணம் எட்டாது. அதனால்தான் ஐந்து வயதுக் குழந்தையிடம் "இது நிஜமில்லைடா கண்ணா" என்று எத்தனை முறை சொன்னாலும் பயம் இறங்குவதில்லை.

கண்ணைப் பொத்திக்கொள்வது சின்னவர்களுக்கு உதவும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அதே வேலையைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் செய்தால் பயம் கூடுகிறது. தெரியாததைக் கற்பனை செய்யும் திறமை அவர்களுக்கு வந்துவிட்டது அல்லவா. ஒலியையே ஆயுதமாக வைத்திருக்கிற படத்தில் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மார்கஸ் என்கிற பையனின் காட்சி. பாழடைந்த உருக்காலைப் பக்கம் போகும்போது கரடிக்கு வைக்கும் இரும்புப் பொறியில் அவன் கால் மாட்டிக்கொள்கிறது. வலி தாங்காமல் அலறுகிறான். அம்மா ஓடிவந்து பொறியைத் திறப்பதற்கு முன்னால் அவன் வாயைப் பொத்துகிறாள். ஒரு குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த ஒரே பாதுகாப்பு அழுவது, அழுதால் யாராவது வருவார்கள். இங்கே அழுதால் சாவு வரும், வாயை அடைப்பவளே அம்மா. இதை எந்தத் தணிக்கைக் குழுவும் ரத்தம் போல அளந்து குறித்துவிட முடியாது. நம் நாட்டில் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தது நல்ல காரியம். ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு எது உறைக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் பாகம் என்பதால் இன்னொரு சிக்கல். தொடக்கக் காட்சியே முதல் பாகத்துக்கு முந்தைய கதை, ஜந்துகள் வந்து இறங்கிய முதல் நாள்: ஊர், பேஸ்பால் ஆட்டம், அப்பா உயிரோடு. பிறகு கதை ஒரே தாவாகத் தாவுகிறது, அப்பா இல்லை. முதல் படம் பார்க்காத குழந்தை "அப்பா எங்கே?" என்று கேட்கும், நீங்கள் அவர் இறந்ததையும், கூடவே முதல் படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு குட்டித் தம்பி இறந்ததையும் சொல்ல வேண்டி வரும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு பார்க்க இதில் நிறைய இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காது கேளாத மகள் ரீகனாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜத்திலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே கேட்கும் திறனை இழந்தவர். ரீகனின் பார்வையில் காட்சி போகும்போது ஒலி அப்படியே அடங்கிவிடும், அந்தச் சில நொடிகள் அற்புதமானவை. அவள் அணியும் காக்ளியர் இம்ப்ளாண்டின் (காது கேளாதவர்களுக்குக் கேட்க உதவும் கருவி) கீச்சொலிதான் ஜந்துகளை வீழ்த்துகிறது. நிஜக் கருவியில் ஒலிபெருக்கி கிடையாது: காதுக்குப் பின்னால் இருக்கும் மைக் சத்தத்தை வாங்க, வெளிச்சுருள் தோல் வழியாகச் செய்தியை அனுப்ப, உள்காதில் செருகிய மின்முனைகள் நரம்பைத் தூண்டும். அதனால் அது தானாக அப்படிக் கீச்சிடாது. இதை விளக்கினால் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயம் குறைந்து ஆர்வம் கூடும்.

வீட்டில் பார்ப்பதாக இருந்தால் பகலில், விளக்கைப் போட்டுப் பாருங்கள். தியேட்டரில் உச்சச் சத்தம் 105 டெசிபெல் வரை போகும்படி அமைப்பார்கள். வீட்டில் டிவியின் ஒலி அமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள், அமைதிக்கும் அலறலுக்கும் உள்ள இடைவெளியை அது சுருக்கும், திடுக்கிடலும் குறையும். ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், படபடப்பு அடங்க நேரம் பிடிக்கும். கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ பயமுறுத்திய நினைவு இருந்தது, ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்தப் பயம் அப்போதும் முழுசாகப் போகவில்லை.

தப்பித்தவறி வீட்டுச் சின்னவள் பார்த்துப் பயந்துவிட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குடிக்க ஏதாவது கொடுத்து, அவளுக்குப் பிடித்த விளையாட்டு எதையாவது எடுத்துப் போடுங்கள். அந்த வயதுக்கு அதுதான் வேலை செய்யும்.