பாடுவது முகம், மாட்டிக்கொள்வது முதுகு

கிடார் கம்பியைத் தனியே ஓர் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மீட்டினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மெல்லிய கம்பி காற்றைக் கிழிக்குமே தவிர, தள்ளாது. கம்பியின் அதிர்வை, கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜ் வழியாக வாங்கி, அகலமான பரப்பால் காற்றைத் தள்ளுவது பெட்டியின் முகப்பலகை.

அந்தப் பலகையிடம் நாம் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ பாரத்துக்குச் சமமாக அதை இழுத்துக்கொண்டே இருக்கும், வளைந்துவிடக் கூடாது. ஆனால் விரல் நுனியின் சின்னச் சீண்டலுக்கும் அசைய வேண்டும். எடைக்கு மிஞ்சிய விறைப்புள்ள மரம் தேவை என்பதால்தான் குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்புரூஸைத் தேடிப் போகிறார்கள். அதை 3 மி.மீ. அளவுக்கு இழைத்து, உள்பக்கம் மெல்லிய சட்டங்களை ஒட்டுகிறார்கள்.

கையால் செய்பவரின் வித்தை தெரிவது இங்கேதான். பலகையை இரு விரலால் தொங்கவிட்டு, காதருகே வைத்து, விரல் கணுவால் தட்டுவார். ஓசை மந்தமாக இருந்தால் சட்டத்தின் ஓரத்தை உளியால் ஒரு சீவு சீவிவிட்டு மறுபடி தட்டுவார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. தொழிற்சாலை எல்லாவற்றையும் ஒரே கனத்தில் இழைத்துத் தள்ளும். இவர் பலகைக்குத் தக்கபடி கனத்தை மாற்றுவார். கைவினைக் கிடாருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், என்னைக் கேட்டால், இந்தத் தட்டலுக்குத்தான்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் பங்குண்டு. வட்டத் துளை வழியே உள்ளும் வெளியும் போய்வரும் அது, 100 ஹெர்ட்ஸ் அருகே தானாக அதிரும். தடித்த கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ். அதையொட்டிய கீழ்ச்சுரங்களுக்குக் கனம் கிடைப்பது இந்தக் காற்றால்.

அப்படியானால் முதுகுப்பலகைக்கும் பக்கப்பலகைகளுக்கும் என்ன வேலை? ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் இவற்றை வெறும் காகித அட்டையில் செய்து, முகத்தை மட்டும் ஸ்புரூஸில் வைத்து ஒரு கிடார் கட்டினார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. 2018இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் கறாரானது. ஆறு கிடார்கள், முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரம். 52 கலைஞர்களை மங்கிய அறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடியும் மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் சாதாரண மஹோகனிக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் விழுந்தது.

ஆனால் எல்லை தாண்டும்போது சிக்கலை இழுத்துவருவது பெரும்பாலும் இந்த முதுகுதான். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் பிரேசில் ரோஸ்வுட்டை 1992இல் சேர்த்தார்கள். வணிகம் ஏறக்குறைய முடங்கியது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் அதற்கு முன்பே, 1969இல், இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியிருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, அதாவது தோதகத்திதான் அது. 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதுமே, அனுமதியோடு வணிகம் செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. மரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது சீனாவின் அறைகலன் சந்தை. அனுமதிச் சீட்டுக்கு அலைந்ததோ வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிடார் செய்பவரும்தான். 2019 நவம்பரில் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இப்போது தோதகத்தி கிடாராகப் போனால் சைட்டீஸ் அனுமதி வேண்டாம். அறுத்த பலகையாகப் போனால் வேண்டும். பிரேசில் மரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 1992க்கு முன் எடுத்த மரம் என்று ஆவணம் காட்ட வேண்டும். திருட்டு மரம் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டம் தனி: மரத்தின் அறிவியல் பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் கேட்கும்.

பாலிஷ் போட்ட பலகையைப் பார்த்து இனம் சொல்வது அனுபவசாலிக்கே கடினம். நுண்ணோக்கியில் துளைகளின் அமைப்பைப் பார்த்தால் பெரும்பாலும் பேரினம் வரைதான் தெரியும். அதனால் ஆய்வகத்தில் ஒரு சிராயைச் சீவி, சூடான ஹீலியம் வாயுவில் காட்டுகிறார்கள். மரத்தின் வைரப் பகுதியில் ஊறிய வேதிப்பொருள்கள் ஆவியாக, நிறைமானி அவற்றை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும். அந்த வரிசை இனத்துக்கு இனம் மாறும். பிரேசில் மரத்தை அனுப்பிவிட்டு இன்வாய்ஸில் இந்திய ரோஸ்வுட் என்று எழுதினால், அந்தச் சிராயில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.