மின் சார்பசைவா, மின் ஈர்ப்பா?

மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், முளைவிட்ட பச்சைப்பயற்றின் இருபுறமும் மின்முனைகளைப் பொருத்தி, மேலே ‘வேர்களின் மின் ஈர்ப்பு’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இத்தொடரைப் பலமுறை அடித்துத் திருத்தியவன் நான். ஆனாலும், “காந்தம் ஆணியை இழுக்கிற மாதிரிதான் சார், பேட்டரி வேரை இழுக்குது” என்று அந்த மாணவன் விளக்கியபோதுதான் இச்சொல் செய்யும் கேடு முழுதாக விளங்கியது.

மூலச்சொல் எலக்ட்ரோடிராபிசம், அதாவது மின்புலத்தின் தூண்டலால் வேர் போன்ற செடியுறுப்பு வளைந்து வளர்தல். அதை ‘மின் சார்பசைவு’ என்பதே என் பரிந்துரை. முன்பாதி அம்பர் என்னும் புதைபடிவ மரப்பிசினையும் பின்பாதி திரும்புதலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. இத்தாலிய அறிவியலாளர் கால்வனியின் பெயரால் கால்வனோடிராபிசம் என்பாரும் உண்டு.

திரும்புவதற்கும் இழுபடுவதற்கும் வேறுபாடு இல்லையா? வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால், நீட்சிப் பகுதியில், ஒரு பக்கத்துச் செல்கள் மறுபக்கத்தைவிட மிகுதியாக நீள்வதால் வேர் வளைகிறது. அது வளர்ச்சியின் வேலை. அப்படியே ஈர்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், எந்த முனையின் ஈர்ப்பு? 1882இல் பின்லாந்துத் தாவரவியலாளர் எல்ஃப்விங் வேர்களினூடே மின்னோட்டம் செலுத்தியபோது பெரும்பாலானவை நேர்மின்வாய்ப் பக்கம் வளைந்தன, முட்டைக்கோசு வேரோ எதிர்மின்வாய்ப் பக்கம் வளைந்தது. பிற்கால ஆய்வுகளிலும் வளையும் திசை ஒன்றாக இல்லை. தவிர, தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதே மின் ஈர்ப்பு. அச்சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. புவியீர்ப்பு தூண்டல், புவிச்சார்பசைவு அதற்குச் செடி காட்டும் துலங்கல் என்று பள்ளிப் பாடநூல் பிரித்தே கற்பிக்கிறது. அவ்வழியில் மின்புலம் தூண்டல், மின் சார்பசைவு துலங்கல். இரண்டையும் ‘ஈர்ப்பு’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவானேன்?

‘மின்நாட்டம்’ என்பாரும் உளர். குறுகிய, அழகிய சொல்தான். எனினும் நாட்டம் ஒன்றை விரும்பிச் செல்வதையே சொல்லும், விலகுதலுக்கு இடம் தராது. சார்பு என்பது இரண்டுக்கும் பொது. (மின்னையும் சார்பையும் இடைவெளி விட்டே எழுதுக, சேர்த்தெழுதினால் கண் ‘மின்சார’ என்று படித்துவிடும்.)

அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் மின்புலத்தையும் (எலக்ட்ரிக் ஃபீல்ட்) விட்டுவைக்கவில்லை. ‘மின்வயலில் வேர் வளர்ச்சி’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பு அண்மையில் திருத்தத்துக்கு வந்தது. காட்டுப்பன்றிக்கு மின்வேலி போட்ட நெல்வயலைப் பற்றியது என்றெண்ணி இரண்டு பத்தி படித்துவிட்டேன்.