கன்று வீசிய மாடும் விடாத காய்ச்சலும்

ஏழு மாதச் சினையில் மாடு கன்று வீசிவிட்டது, அதாவது சினை கலைந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், "நஞ்சுக்கொடிய யாருங்க எடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான் எடுத்திருப்பார். "பாதி தொங்கிட்டு இருந்துச்சுங்க சார். நாய் இழுத்துடும்னு நானே கைய விட்டு எடுத்துட்டேன்" என்பார். கையில் உறை இருந்திருக்காது. களை வெட்டியதிலோ சோளத்தட்டு அறுத்ததிலோ விரலில் இரண்டு கீறல் நிச்சயம் இருக்கும்.

சினை மாடு கன்று வீசப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல் வீசி, நஞ்சுக்கொடியும் விழாமல் நின்றால், கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் புருசெல்லா என்ற கிருமி. அது தரும் நோயை ஊரில் கன்று வீச்சு நோய் என்பார்கள். மாடு, ஆட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அது இந்தக் கிருமிக்குப் பிடித்த தீனி. அதனால்தான் கருப்பைக்குள் போய் அங்கேயே பெருகுகிறது. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கோடிக்கணக்கில் இருக்கும். வெறும் கையால் அதைத் தொட்டால் கீறல் வழியாக உள்ளே போகும். கண்ணில் தெறித்தாலும் போதும். கழுவும்போது கிளம்பும் சாரலை மூச்சில் இழுத்தாலும் தொற்றும்.

தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். வரும், போகும், மறுபடி வரும். சாயங்காலமானால் உடம்பு சுடும், இரவில் வியர்த்துப் பாய் நனையும். இடுப்பும் மூட்டும் விட்டுப்போகும் அளவுக்கு வலிக்கும். ஆண்களுக்கு விரை வீங்குவதும் உண்டு. இந்த அறிகுறிகளோடு போனால் டைபாய்டு, மலேரியா, காசநோய் என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். ஐந்து நாள் மாத்திரையில் காய்ச்சல் அடங்கினதுபோல் இருக்கும், இரண்டு வாரம் கழித்துத் திரும்பும். புருசெல்லாவுக்கு ஒரே மருந்து போதாது; டாக்சிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு வாரம் விடாமல் தர வேண்டும். அதற்கு முதலில் இது புருசெல்லா என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! மாட்டைப் பார்ப்பவன் நான். அந்த அம்மாவைப் பார்ப்பவர் வேறொரு மருத்துவர். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. மாடு கன்று வீசிய செய்தி எங்களோடு நின்றுவிடுகிறது. காய்ச்சலுக்குப் போகும் இடத்தில் "வீட்ல மாடு ஆடு இருக்குங்க, போன மாசம் ஒண்ணு கன்னு வீசுச்சு, நஞ்ச நான்தான் எடுத்தேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு வரி கூடும். பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

இந்த நோயின் பெரிய சூழ்ச்சி என்னவென்றால், ஒரு முறை வீசிய மாடு அடுத்த ஈற்றைப் பெரும்பாலும் முழுசாக ஈன்றுவிடும். மாடு தேறிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். கிருமியோ மடியில் தங்கி, பாலில் வந்துகொண்டே இருக்கும். 1887இல் மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆனது. உள்ளூர் மருத்துவரான தெமிஸ்டொக்லிஸ் ஜமிட், பார்க்க ஆரோக்கியமாக இருந்த வெள்ளாடுகளிடமே அது இருப்பதைக் காட்டினார். 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சலும் அவர்களிடையே மளமளவென்று குறைந்தது. பால் காய்ச்சினால் இந்தக் கிருமி செத்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். காம்பிலிருந்து நேராகப் பிள்ளை வாயில் பீய்ச்சுவதையும், சத்து என்று சொல்லிப் பச்சை ஆட்டுப்பால் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். ஆட்டிலிருந்து வருவது மாட்டினதைவிடக் கடுமையாகத் தாக்கும்.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்ற நம்பிக்கை. நாய்க்கு எட்டாமல் வைத்த அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் சாக்கிலிருந்து கீழே சொட்டும், காக்கை கொத்திக்கொண்டு போய் இன்னொரு தொழுவத்தில் போடும். கன்று வீசிய மாட்டின் நஞ்சை மட்டுமாவது மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆழமாகக் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டு, வீசிய கன்றையும் நனைந்த வைக்கோலையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். கையுறை இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டி நுனியைக் கட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. கொடி விழவில்லை என்றால் இழுக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சோதனையில் உறுதியான மாட்டை என்ன செய்வது என்று கேட்பார்கள். மாட்டை முழுசாகக் குணமாக்கும் நம்பகமான வைத்தியம் கிடையாது. கடன் வாங்கிப் பிடித்த மாட்டைக் கழித்துவிடுங்கள் என்று என்னால் கூசாமல் சொல்ல முடிவதில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் சந்தையில் ஓட்டிவிட்டு வருவது, அந்த நோயை இன்னொரு வீட்டுப் பெண்ணின் கைக்கு அனுப்புவதுதான். இதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

தடுப்பூசி இருக்கிறது. 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு சேர்த்து இதற்கும் இலவசமாகவே போடப்படுகிறது. கிடாரிக் கன்றுக்கு நாலு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள், ஆயுளில் ஒரே ஒரு தடவை. காளைக் கன்றுக்குப் போடுவதில்லை, சினை மாட்டுக்குப் போடக் கூடாது. இது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி. தவறிக் குத்தினால் போடுபவருக்கே நோய் வரலாம். அதனால் ஊசி போட வரும் நாளில் கன்றைத் தும்பில் கட்டி, ஒருவர் துள்ளாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.